ஹேக்லர் ஜெயித்தது சின்ன ஆட்களைத்தானா?

இடக்கைக்காரன்:
நேற்று குத்துச்சண்டைப் பேச்சில் மணியோசை எழுதிப் போன ஒரு வரி இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் தனி இழை. "மார்வின் ஹேக்லர் ஜெயித்த பெரிய பெயர்கள் எல்லாம் கீழ் எடையிலிருந்து ஏறி வந்த சின்ன ஆட்கள், மிடில்வெயிட்டின் (160 பவுண்டு எடைப்பிரிவு) எல்லாக் கால முதல் பத்தில் அவருக்கு இடமில்லை" என்கிறார். வாய்க்கு வந்ததை எழுதிவிடுவதா?

1980 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்காரர் ஆலன் மின்டரை மூன்றே சுற்றில் கிழித்துப் பட்டம் வாங்கினார். ஜெயித்த மனிதனைத் தோளில் தூக்கவில்லை, மின்டரின் ரசிகர்கள் பாட்டில் வீசினார்கள். பயிற்சியாளர்கள் பெட்ரோனெல்லி சகோதரர்கள் மேலே கவிழ்ந்து மறைத்துக்கொண்டார்கள். பெல்ட்டைக்கூட அங்கே இடுப்பில் கட்டவில்லை. அப்படி வாங்கிய பட்டத்தை 1987 ஏப்ரலில் சுகர் ரே லெனார்டிடம் தோற்கும் வரை பன்னிரண்டு முறை தக்கவைத்தார். 67 சண்டை, 62 வெற்றி, 52 நாக் அவுட். இவருக்கு இடமில்லையாம்.

மணியோசை:
பாட்டில் வீசியதற்கு நான் என்ன செய்ய? நான் கேட்டது ஒன்றுதான். ரொபெர்டோ டுரான் 135 பவுண்டு லைட்வெயிட்டில் ராஜாவாக இருந்தவர். தாமஸ் ஹெர்ன்ஸும் லெனார்டும் 147. ஜான் முகாபி 154. இந்த நாலு பேரைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். சின்ன ஆளை அடிப்பது பெரிய வித்தையா?

ஏழாம்சுற்று:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முதல் பத்து என்றால் எதை வைத்து? யாரை ஜெயித்தார் என்பதா, எத்தனை வருடம் பட்டம் வைத்திருந்தார் என்பதா, தன் உச்சத்தில் யாரோடு மோதினாலும் ஜெயிப்பாரா என்பதா? அதை முடிவு செய்யாமல் பேசினால் விடியாது.

இடக்கைக்காரன்:
சின்ன ஆளா? ஹெர்ன்ஸ் ஆறடி ஒரு அங்குலம். ஹேக்லர் ஐந்தடி ஒன்பதரை. 1985 ஏப்ரலில் எடை பார்த்தபோது ஹெர்ன்ஸ்தான் அரை பவுண்டு கூட. தராசுக்கு வேண்டியவர் வேண்டாதவர் உண்டா?

அந்தச் சண்டையை அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டில்தான் முதலில் பார்த்தேன். படத்தின் குறுக்கே கோடு ஓடும். அப்படியும் ஹேக்லரின் நெற்றியிலிருந்து மூக்கு வழியே வழிந்த ரத்தம் தெரியும். மூன்றாம் சுற்றில் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் மருத்துவரிடம் கூட்டிப்போகிறார். காயத்துக்காக நிறுத்திவிட்டால் பட்டம் போச்சு. திரும்பி வந்தவர் வலது கையால் ஒன்று வைத்தார். ஹெர்ன்ஸ் கால் பின்னிப் பின்னாலேயே ஓடுகிறார், இவர் விடாமல் துரத்திப்போய் விழவைத்தார். எழுந்தும் நிற்க முடியவில்லை. சின்ன ஆளை அடித்ததுபோலவா இருந்தது?

மணியோசை:
உயரம் வேறு, உடம்பு வேறு. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு 147இல் சண்டை போட்டார் என்றால் எவ்வளவு ஒல்லி என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே அவர் வலது கை உடைந்ததையும் உங்கள் கேசட் சொல்லியிருக்காது.

அப்புறம் டுரான். 1983 நவம்பரில் பதினைந்து சுற்றும் நின்றார். பதிமூன்று சுற்று முடிந்தபோது புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இரண்டு பேரின் அட்டையில் அவர்தான் முன்னால். லைட்வெயிட்காரர்! எழுபதுகளின் மிடில்வெயிட் சாம்பியன் கார்லோஸ் மொன்சோனைப் பாருங்கள். பதினான்கு முறை தக்கவைத்தார், சந்தேகமே வைக்கவில்லை.

இடக்கைக்காரன்:
மொன்சோனா? நல்லது. 1974இல் பாரிஸில் அவர் அடித்த ஹோசே நாப்போலெஸ் யார்? வெல்டர்வெயிட் சாம்பியன்! எமில் கிரிஃபித் எங்கிருந்து ஏறி வந்தார்? அதே 147. நீங்கள் தலையில் வைத்து ஆடும் இன்னொரு மிடில்வெயிட் சாம்பியன் பெர்னார்ட் ஹோப்கின்ஸின் இரண்டு பெரிய பெயர்கள் டிரினிடாடும் டி லா ஹோயாவும். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மொன்சோன் செய்தால் சாதனை, ஹேக்லர் செய்தால் சின்ன ஆளா?

மணியோசை:
நாப்போலெஸை மொன்சோன் ஆறு சுற்றோடு மூலையிலேயே உட்காரவைத்தார். டுரானை ஹேக்லர் பதினைந்து சுற்று ஆடியும் விழவைக்க முடியவில்லை. வித்தியாசம் அதுதான்.

இடக்கைக்காரன்:
விழவைக்க முடியாத அந்தச் சின்ன ஆள் 1989இல், 37 வயதில், இரான் பார்க்லியை ஜெயித்து மிடில்வெயிட் பட்டமே வாங்கினார். 175 பவுண்டு லைட் ஹெவிவெயிட்டில் ஹெர்ன்ஸ் 1991இல் வர்ஜில் ஹில்லை ஜெயித்தார். லெனார்ட் 1988இல் டானி லலோண்டை அடித்து அதே எடைப் பட்டத்தை எடுத்தார். மூன்று பேரும் 160 அல்லது அதற்கு மேல் சாம்பியன். சின்ன ஆட்கள்!

மணியோசை:
லலோண்டை 168க்கு இறங்கச் சொல்லி ஒப்பந்தம் போட்டுத்தான் லெனார்ட் அந்தப் பட்டத்தை எடுத்தார். அதைச் சொல்லாமல் பாதிக் கதை சொல்வது உங்கள் பழைய வழக்கம். போன வருடம் ஹோப்கின்ஸ் இழையிலும் இதையே செய்துவிட்டு நடுவில் காணாமல் போனீர்கள்.

இடக்கைக்காரன்:
நான் எங்கும் போகவில்லை. அம்மா மருத்துவமனையில் இருந்தார்கள். அதை அப்போதே அங்கே எழுதினேன், நீங்கள் படிக்கவில்லை.

தெற்குவாசல்:
சின்ன ஆளை விடுங்கள். அசல் மிடில்வெயிட் ஹுவான் ரோல்டான் 1984இல் முதல் சுற்றிலேயே ஹேக்லரைத் தரையில் உட்காரவைத்தாரே, அதை ஏன் யாரும் பேசவில்லை?

இடக்கைக்காரன்:
அது குத்தா? தலைக்குப் பின்னால் கை போட்டு இழுத்துத் தள்ளியது. நடுவர் எண்ணிவிட்டார் என்பதற்காக நாக் டவுன் ஆகிவிடுமா? பத்தாம் சுற்றில் ரோல்டான் கதை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
நடுவர் எண்ணினால் நாக் டவுன்தான் அண்ணே. சட்டம் அதுதான். லெனார்டிடம் தோற்றதும் தோல்வி இல்லை என்று அடுத்து வருவீர்களா?

இடக்கைக்காரன்:
வரத்தான் போகிறேன். ஒரு நடுவர் ஹேக்லருக்கு 115-113, ஒருவர் லெனார்டுக்கு 115-113, ஹோசே ஹுவான் கெர்ரா என்பவர் லெனார்டுக்கு 118-110. பன்னிரண்டில் பத்துச் சுற்று லெனார்டுக்காம்! அந்தச் சண்டையைப் பார்த்த எந்தக் கண்ணுக்குப் பத்துச் சுற்று தெரியும்?

ஏழாம்சுற்று:
கெர்ராவைத் திட்டி என்ன பயன்? ஹேக்லர் முதல் இரண்டு சுற்றும் தன் இடதுகை நிலையை விட்டு வலதுகைக்காரர் மாதிரி நின்றார். மூன்று நடுவர்களும் அந்த இரண்டையும் லெனார்டுக்குத்தான் கொடுத்தார்கள். 115-113 என்று லெனார்டுக்குப் போட்ட டேவ் மொரெட்டியின் அட்டையில் அதில் ஒன்று மாறியிருந்தாலே 114-114. சண்டை சமன், பட்டம் ஹேக்லரிடமே. தன் கையாலேயே கொடுத்தார் என்பேன். சரி, நான் முதலில் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மணியோசை:
ஆக, 1982க்குப் பிறகு ஒரே ஒரு சண்டை போட்ட, விழித்திரை அறுவை செய்த சின்ன ஆளிடம் தோற்றார். என் பக்கம் பேசியதற்கு நன்றி ஏழாம்சுற்று.

இடக்கைக்காரன்:
ஜெயித்தால் "சின்ன ஆளைத்தானே ஜெயித்தார்", தோற்றால் "சின்ன ஆளிடமே தோற்றார்". உங்களிடம் இந்த மனிதர் எப்படித்தான் பிழைப்பது?

கழித்துக் காட்டு என்றீர்களே, கழித்துவிட்டேன். பிலடெல்பியாவில் பென்னி பிரிஸ்கோ, சைக்ளோன் ஹார்ட். 1976இல் அதே ஊரில் தன்னைத் தோற்கடித்த பாபி வாட்ஸை 1980இல் இரண்டே சுற்றில் முடித்தார், வில்லி மன்ரோவை 1977இல் இரண்டு முறை ஜெயித்தார். பட்டம் வாங்கிய பிறகு ஒபெல்மேஹியாஸ் இரண்டு முறை, ஹம்ஷோ இரண்டு முறை, அன்டுவோஃபெர்மோ, சிப்சன், ரோல்டான். எல்லோரும் முழு மிடில்வெயிட். யாரைச் சின்ன ஆள் என்பீர்கள்?

மணியோசை:
இதில் யாராவது முதல் ஐம்பதில் வருவார்களா? பெயர் இருக்கிறவன் சின்ன ஆள், பெரிய ஆளுக்குப் பெயர் இல்லை. நான் முதல் நாளே சொன்னது இதைத்தான்.

இடக்கைக்காரன்:
பென்னி பிரிஸ்கோவுக்குப் பெயர் இல்லையா? 1972இல் உங்கள் மொன்சோனை ஒன்பதாம் சுற்றில் ஆட்டிவைத்தது யார்? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.

தெற்குவாசல்:
அண்ணே, ரோல்டான் சண்டையை இப்போது மறுபடி ஓட்டிப் பார்த்தேன். குத்து காதுக்குப் பக்கத்தில் படுகிறது. நாக் டவுன்தான்.

இடக்கைக்காரன்:
தள்ளியது தம்பி. தள்ளியது.