காட்பாடி பக்கம் இருந்துகொண்டு கடல் எண்ணெய்க் கசிவு ஆராய்ச்சி: சேரலாமா?

குடியாத்தம்காரி:
எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து ஒரு வருடம் ஆகிறது. நம்ம மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஜே.ஆர்.எஃப். (உதவித்தொகையோடு இளநிலை ஆராய்ச்சியாளர்) இடம் கிடைக்கும்போல இருக்கிறது. கடலில் கொட்டும் எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா பற்றிய புராஜெக்ட், மாதம் 37,000, அதிலேயே பிஎச்.டி. பதிவும் செய்துகொள்ளலாம் என்கிறார் கைடு. அப்பாவுக்கு லுங்கித் தறிதான் எல்லாம். விஷயத்தைச் சொன்னதும், "பாலாத்துலயே தண்ணி காணோம், நீ எந்தக் கடல்ல போயி எண்ண அள்ளப் போற"ன்னு கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கே பதில் தெரியவில்லை. கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்துகொண்டு இந்த வேலையில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

சத்துவாச்சாரி அக்கா:
ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்லன்னு நம்ம ஊரைச் சொல்வார்கள், அதோடு கடல் இல்லாமல் கடல் ஆராய்ச்சியும் சேர்ந்துகொள்ளட்டும் :) ஆனால் அப்பாவிடம் இதைச் சொல்லும்மா: கொட்டிய எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணித்துச் சொல்கிற இன்காய்ஸ் நிறுவனம் இருப்பது ஹைதராபாத்தில். அங்கே என்ன கடலா இருக்கிறது?

நான் இதில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். சேரும்போது நானும் உன்னைப் போலத்தான், ஏதோ படகில் போய்க் கடலைக் காப்பாற்றப் போகிறோம் என்று நினைத்தேன். கசிவு நடந்தால் களத்தில் எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை. மிதவைத் தடுப்பு போடுவது, எண்ணெயை வழித்தெடுப்பது எல்லாம் அவர்கள், துறைமுகம், எண்ணெய்க் கம்பெனிகள் பாடு. பல்கலைக்கழக ஆட்களை அப்போது யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிட்டாலும் நம்மிடம் கையுறையைத் தவிர ஒன்றும் இருக்காது. நம் வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். இந்த எண்ணெய் எந்தக் கப்பலுடையது, எவ்வளவு மட்கியிருக்கிறது, சேற்றில் எத்தனை வருடம் கிடக்கும், எதைப் போட்டால் சீக்கிரம் போகும், எதைப் போட்டால் இன்னும் கெடும், இதுதான்.

2017 ஜனவரி 28 எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதியபோது நான் மாணவி. மூன்றாம் நாள் காட்பாடியில் ரயில் ஏறி, சென்ட்ரல் போய், அங்கிருந்து எண்ணூர் லோக்கல். எர்ணாவூர் பக்கம் பாறைகளுக்கு நடுவே தார் மாதிரி கிடந்தது. அது கப்பல் எரிபொருள், கனமான எண்ணெய். அலை அடிக்க அடிக்கக் கடல்நீரை உள்ளே இழுத்துக்கொண்டு அரைத்த மாவு பதத்துக்கு வந்துவிடும், அளவும் மூன்று நான்கு மடங்காகப் பெருகிவிடும். அந்தப் பதத்தில் இருப்பதைக் குழாய் வைத்து உறிஞ்சுவது லேசில்லை. அதனால்தான் மீனவர்களும் மாணவர்களும் வரிசையாக நின்று பக்கெட்டில் மொண்டார்கள். டிவியில் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்த இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் பக்கெட்டை விட்டால் வேறு வழி இருந்திருக்காது.

அடுத்து, உன் கைடு சொல்கிற பாக்டீரியா. கொஞ்சம் ஜாக்கிரதை. ஃப்ளாஸ்கில் ஏழு நாளில் எண்பது சதவீதம் தின்றுவிட்டது என்று எத்தனையோ பேப்பர் வந்தாகிவிட்டது. எண்ணெய் தின்னும் உயிர்கள் கடலில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் குறைவது ஆள் இல்லை, நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கொட்டியபோது கரைக்கு உரம்தான் தெளித்தார்கள். அதனால் புதுசாக ஒரு பாக்டீரியா கண்டுபிடித்தேன் என்பதோடு நிற்காமல், சதுப்பில், சேற்றுக்கு உள்ளே, காற்று இல்லாத இடத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்க விடுவாரா என்று கேள். விடுவார் என்றால் சேர்.

ஆம்பூர் ரஃபீக்:
அக்கா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பக்கம் இருபது வருடம். "எங்க ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்காதே பாப்பா. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும், சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும், இந்த இரண்டும் நாட்டின் சட்டத்தில் சேர்ந்தவை என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது நம்ம பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. எண்ணெய் கொட்டினவனிடம் நஷ்டஈடு கேட்டு யாராவது கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் வாயில் நம்ம ஊர் பேர் வராமல் இருக்காது. ஆனால் அங்கே போய் "நாத்தம் அடிக்குது"ன்னு சொன்னால் எடுபடாது, எந்த இடத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு என்று காகிதம் வேண்டும். எங்கள் பக்கம் பல கிணறுகளுக்கு அந்தக் காகிதம் கடைசிவரை இல்லாமலே போய்விட்டது. அந்தக் காகிதம் எழுதுகிற ஆளாக வா.

பேர் வேண்டாம்:
எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கசப்பைச் சொல்கிறேன். 37,000 என்பது காகிதத்தில். நான் இருந்த இடத்தில் ஒருமுறை ஏழு மாதம் பணம் வரவில்லை, கடைசியில் மொத்தமாக வந்தது, அதுவரை அண்ணன் காசில் சாப்பிட்டேன். புராஜெக்ட் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், இன்னும் எத்தனை மாதம் மீதி என்று. பாதியில் சேர்ந்தால் பிஎச்.டி. நடுவில் சம்பளம் நின்றுவிடும். சிஎஸ்ஐஆர் நெட் என்கிற தேசியத் தேர்வு எழுதி சொந்தமாக ஃபெலோஷிப் வைத்துக்கொண்டால் கைடு முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

குடியாத்தம்காரி:
அக்கா, ரஃபீக் அண்ணா, ரொம்ப நன்றி. கடிதத்தைக் கேட்டேன், கைடு முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் காட்டினார். 19 மாதம் மீதி. அதற்குள் நெட் எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். சேறு பற்றிக் கேட்டதற்கு, "எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பிள் எடுத்து வா, பார்க்கலாம்" என்றார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் வந்ததே, அதன் மிச்சம் இன்னும் அலையாத்தி வேர்ப்பக்கம் இருக்குமா? நான் இதுவரை களத்தில் சாம்பிள் எடுத்ததே இல்லை, என்னென்ன கொண்டு போவது?

சத்துவாச்சாரி அக்கா:
மேலே சுத்தமாகத் தெரியும். ஒரு சாண் தோண்டிப் பார், அப்போதுதான் இருக்கா இல்லையா என்று சொல்ல முடியும். போவதற்கு முன்னால் அந்த ஊர் மீனவர்களிடம் பேசு, எண்ணெய் எதுவரை வந்து நின்றது என்று அவர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள். எண்ணெயே வராத இடத்திலும் நாலு சாம்பிள் எடு, இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம், எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கிலிருந்தும் ஏதாவது கலந்து ஜிசி-எம்எஸ்ஸில் (எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி) தேவையில்லாத பீக்காக வந்து நிற்கும். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், சால்வென்ட் ஊற்றி அலசியது, மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள். தெர்மாகோல் பெட்டி, ஐஸ், திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் வெயில் படாத பக்கம்.

லேபிளை மட்டும் பென்சிலில் எழுது. நான் முதல் தடவை மார்க்கர் பேனாவில் எழுதினேன். எண்ணெய்க் கை பட்டு வழித்துக்கொண்டு போய்விட்டது. காட்பாடி வந்து பெட்டியைத் திறந்தால் பதினாலு பாட்டிலில் ஆறு எது எந்த இடம் என்றே தெரியவில்லை. ஆறையும் கொட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை மறுபடி ரயில் ஏறினேன்.

பழைய சுடிதார் போட்டுக்கொண்டு போ. அதைத் திரும்பப் போட முடியாது. கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு அப்புறம் சோப்பு.