4ஜி63 டர்போ எஞ்சினுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன்: 4032 வாங்கலாமா, 2618 வாங்கலாமா?

கேள்வி (மூணாம்சிலிண்டர்):

எல்லோருக்கும் வணக்கம். மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போதெல்லாம் நீலப் புகை, டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஆயில் தள்ளியது. கம்ப்ரெஷன் டெஸ்டில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தது. திறந்து பார்த்தால் அந்தப் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள லேண்ட் ஒரு துண்டாகப் பெயர்ந்து கிடக்கிறது. எனக்கு விற்றவர் ஏற்கெனவே ஒருமுறை எஞ்சினைப் பிரித்துக் கட்டியிருக்கிறார். பிஸ்டன் கம்பெனி வார்ப்பு வகைதான்.

இந்தத் தடவை ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கியது) போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். இலக்கு கிராங்கில் 400 குதிரைத்திறன். சாதாரண பம்ப் பெட்ரோல். தினமும் வேலைக்குப் போய்வரும் கார், எப்போதாவது டிராக். 150 மி.மீ. நீள எச்-பீம் ராட் கைவசம் இருக்கிறது. போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) 85-லிருந்து 85.5 மி.மீ. ஆக்க வேண்டியிருக்கும்.

பார்த்து வைத்திருப்பது மூன்று செட். ஒன்று 4032 அலாய் (அலுமினியக் கலவை), கம்ப்ரெஷன் விகிதம் 8.5. இரண்டாவது 2618, கம்ப்ரெஷன் 9.0. மூன்றாவது பிரிக்காத பெட்டியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, அதுவும் 2618, 85.5 மி.மீ., கம்ப்ரெஷன் ஹைட் 29 மி.மீ. என்று போட்டிருக்கிறது. மனசு மூன்றாவதில்தான் நிற்கிறது. போரிங் கடையில் "முதலில் 85.5 போர் செய்துவிடுகிறோம், பிஸ்டனை அப்புறம் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில் (பழையலேத்):

மூன்றாவதைத் தொடாதீர்கள். அது உங்கள் எஞ்சினுக்கான பிஸ்டனே இல்லை.

4ஜி63 பிளாக்கின் டெக் உயரம் 229 மி.மீ. கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை உள்ள அந்த உயரத்தை மூன்று அளவுகள் சேர்ந்து நிரப்ப வேண்டும்: ஸ்ட்ரோக்கில் பாதி, ராட் நீளம், பிஸ்டனின் கம்ப்ரெஷன் ஹைட், அதாவது பிஸ்டனை ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம். உங்கள் ஸ்ட்ரோக் 88, பாதி 44. ராட் 150. மீதி 35. ஆக உங்களுக்கு வேண்டியது 35 மி.மீ. ஹைட் உள்ள பிஸ்டன். 29 என்பது 100 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு 2.3 லிட்டராக்குகிறவர்களுக்கானது, 50 + 150 + 29 போட்டால் அதே 229 வரும். அதை உங்கள் கிராங்கில் மாட்டினால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போதும் 6 மி.மீ. பள்ளத்தில் இருக்கும். கம்ப்ரெஷன் 6-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். டர்போ எழுந்திருக்கும்வரை கார் நகரவே யோசிக்கும்.

போர் அளவு ஒன்றாக இருக்கிறது என்பதற்காகப் பிஸ்டன் பொருந்திவிடாது. போர், ஹைட், கட்ஜன் பின் விட்டம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். 4ஜி63-ல் பழைய ஆறு போல்ட் கிராங்க் காலத்து ராடுக்கும் பின்னால் வந்த ஏழு போல்ட் காலத்து ராடுக்கும் பின் விட்டம் வேறு. கையில் இருக்கும் ராடின் சிறு முனையை அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. பழைய பிஸ்டன் எதனால் உடைந்தது என்று பார்த்தீர்களா? அது தெரியாமல் புதுசு வாங்கினால் அதுவும் போகும். மூன்றாவது சிலிண்டரின் மேல் ரிங்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முனைகள் தேய்த்துப் பாலிஷ் போட்டது மாதிரி பளபளத்தால், சூட்டில் ரிங் நீண்டு முனைகள் ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. அதற்கு மேல் நீள இடமில்லாத ரிங் போரில் இறுகி, லேண்டைப் பெயர்த்துவிடும். அப்படி இல்லாமல் பிஸ்டன் தலையின் ஓரம் மணல் வீசி அடித்தது போலப் பொரிந்திருந்தால், ஸ்பார்க் பிளக்கின் பீங்கானில் மிளகைவிடச் சின்ன அலுமினியப் புள்ளிகள் ஒட்டியிருந்தால், அது நாக்கிங், அதாவது எரியாத மிச்சக் கலவை தானாக வெடிப்பது. லேண்ட் உடைவது இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், வைத்தியம்தான் வேறு.

பதில் (பூஸ்ட்பிரியன்):

கண்ணை மூடிக்கொண்டு 2618, 9.0. ரேஸ் எஞ்சின் கட்டுகிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். 4032-ல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம், அதனால் கடினம், ஆனால் அடி வாங்கினால் விரிசல் விடும். 2618-ல் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம், அடி வாங்கினால் நசுங்கும், உடனே உடையாது. டியூனிங்கில் ஒரு தப்பு நடந்தாலும் வீடு வந்து சேரலாம்.

பதில் (நாலுவால்வு):

பூஸ்ட்பிரியன் உலோகத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கேட்டவர் தினமும் ஓட்டப்போகிறார், 400 குதிரைத்திறன்தான் கேட்கிறார். சிலிண்டருக்கு 100. நல்ல 4032 பிஸ்டன் இதைத் தாங்கும்.

அந்தச் சிலிக்கான் இல்லாததற்கு ஒரு விலை உண்டு. 2618 சூட்டில் அதிகம் விரியும். 85.5 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் 4032-ஐவிடச் சுமார் 0.025 மி.மீ. கூடுதலாகப் பெரிதாகும். அதற்கு இடம் விட்டுத்தான் போரைப் போட வேண்டும். பொதுவாக இந்த அளவு போரில் 4032-க்கு 0.05 முதல் 0.075 மி.மீ. வரை கிளியரன்ஸ் கேட்பார்கள், டர்போவில் ஓடும் 2618-க்கு 0.09, 0.10 என்று போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் அந்த இடைவெளியில் ஆடி சுவரில் தட்டும். சூடானதும் சத்தம் அடங்கிவிடும், கெடுதல் இல்லை. ஆனால் பத்து நிமிடத் தூரம் போய் நிறுத்தி, மறுபடி குளிர்ந்து, மறுபடி ஸ்டார்ட் செய்கிற காரில் பிஸ்டன் வாழ்நாளில் பாதி நேரம் அந்தத் தளர்ச்சியிலேயே ஓடும். 2618 மென்மை என்பதால் ரிங் பள்ளங்களும் சீக்கிரம் தேயும். ரேஸ்காரர் சீசனுக்குச் சீசன் பிரிக்கிறவர், அவருக்கு இது கவலையே இல்லை.

நாளைக்கே பெரிய டர்போ, 600 என்று ஆசை வரும் என்றால் 2618 எடுங்கள். இல்லையென்றால் 4032.

கேட்டவர் (மூணாம்சிலிண்டர்):

மூன்றாவது செட்டை விட்டுவிட்டேன், நன்றி பழையலேத் அண்ணா. ரிங் முனைகளைப் பார்த்தேன். மூன்றாவதில் இரண்டு முனையும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒன்றிலும் நான்கிலும்கூடக் கொஞ்சம் பளபளப்பு. பிஸ்டன் தலைகளில் பொரிசல் எதுவும் இல்லை, பிளக்குகள் சுத்தம். தேயாத அடிப்பகுதியில் ரிங்கை நுழைத்து, முனைகளுக்கு நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், 0.25 மி.மீ. போகிறது, 0.30 போகவில்லை.

அப்படியென்றால் வார்ப்பு பிஸ்டன் மேல் தப்பில்லையா? பெரிய டர்போ ஆசை கிடையாது. கம்ப்ரெஷன் 8.5 எடுத்தால் பூஸ்ட் இல்லாத நேரத்தில் சோம்பலாகிவிடும் என்கிறார்கள், அதுதான் உறுத்துகிறது.

பதில் (பழையலேத்):

கதை தெரிந்துவிட்டது. ரிங் கேப், அதாவது அந்த முனை இடைவெளி, போதவில்லை. 0.25 என்பது பூஸ்டைத் தொடாமல் ஓட்டுகிறவருக்குத் தாங்கியிருக்கலாம், பூஸ்டை ஏற்றியவருக்குத் தாங்கவில்லை. இதே கேப்பில் 2618 போட்டிருந்தாலும் ரிங் முட்டியிருக்கும். லேண்ட் உடைவதற்குப் பதில் போர் கீறியிருக்கும், அவ்வளவுதான்.

ரிங் கேப்புக்குப் போர் விட்டத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் மேல் ரிங்குக்குப் போர் பெருக்கல் 0.0045, உங்களுக்கு 0.38 மி.மீ. வரும். டர்போவுக்கு 0.0055 முதல் 0.006, அதாவது 0.47 முதல் 0.51. இரண்டாவது ரிங்குக்கு மேல் ரிங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விடுங்கள். மேலே கசிந்த வாயு இரண்டு ரிங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் மேல் ரிங்கைக் கீழிருந்து தூக்கும், அது வெளியேற வழி வேண்டும். இவை பொதுக் கணக்குகள். பெட்டியில் வரும் தாள் வேறு எண் சொன்னால் தாள் சொல்வதே சட்டம். கேப் கொஞ்சம் அதிகமானால் கொஞ்சம் கசிவு, குறைந்தால் மறுபடி இதே வேலை. ரிங்கை அராவும்போது ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி அராவுங்கள்.

போரிங் கடையிடம் சொல்லுங்கள்: பிஸ்டன் கைக்கு வராமல் போரைத் தொடக்கூடாது. பெட்டியில் 85.5 என்று இருந்தாலும் பிஸ்டன் சரியாக 85.5 இருக்கும் என்று சொல்ல முடியாது. சிலர் கிளியரன்ஸைக் கழித்துப் பிஸ்டனைச் செய்துவிடுவார்கள், சிலர் போரில் கூட்டச் சொல்வார்கள். பிஸ்டன் உருண்டையும் இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமும் இல்லை. ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரில்) எந்த உயரத்தில், பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும் என்று தாளில் இருக்கும். அந்த இடத்தில் நான்கையும் அளந்து, போர் கேஜை அதே மைக்ரோமீட்டரில் பூஜ்யம் வைத்துவிட்டு ஹோன் செய்யட்டும் (கல்லால் தேய்த்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவரட்டும்). ஸ்கர்ட்டில் கருப்புக் கோட்டிங் இருந்தால் அதைச் சேர்த்து அளப்பதா, கழித்து அளப்பதா என்பதற்கும் தாளைப் பாருங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கினால் போர் நெளியும், அதனால் டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) வைத்து ஹோன் செய்யும் கடையாகத் தேடுங்கள். இல்லாத கடையென்றால் நான் வேறு கடைக்குப் போவேன்.

பதில் (நாலுவால்வு):

கம்ப்ரெஷன் விஷயத்தில் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். உங்கள் ஹெட், உங்கள் கேஸ்கெட் வைத்துக் கணக்குப் போட்டால்தான் அது உங்கள் எண். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளை மாட்டி, மேலே ஒரு அக்ரிலிக் தகடு வைத்து, பியூரெட்டில் திரவம் விட்டு அறையின் கொள்ளளவைப் பாருங்கள்.

47 சிசி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 85.5 போர், 88 ஸ்ட்ரோக்குக்கு ஒரு சிலிண்டரின் இடப்பெயர்ச்சி 505 சிசி. 86 மி.மீ. துளையுள்ள, இறுக்கிய பின் 1 மி.மீ. தடிமன் நிற்கும் கேஸ்கெட் 5.8 சிசி. பிஸ்டன் டெக் மட்டத்தில் நின்றால் 9.0-க்கு மொத்தம் 63.2 சிசி மிச்சம் இருக்க வேண்டும், ஆகவே பிஸ்டன் குழிவும் வால்வுப் பள்ளங்களும் சேர்ந்து 10.4 சிசி. 8.5-க்கு 14.6 சிசி. இரண்டு பிஸ்டனுக்கும் வித்தியாசமே இந்த நாலு சிசிதான். ஹெட்டைச் சீவியிருந்தால் இந்தக் கணக்கே மாறும்.

பம்ப் பெட்ரோலில் அந்த அரைப் புள்ளியால் கிடைக்கும் சுறுசுறுப்பு கொஞ்சம்தான். 8.5-ல் இக்னிஷனைக் கொஞ்சம் முன்னே தள்ள இடம் கிடைக்கும், பூஸ்டில் அதுதான் சம்பாத்தியம். ஆனால் 9.0 வாங்கிவிட்டு, தடித்த கேஸ்கெட் போட்டு 8.5 ஆக்கலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவில் 1 மி.மீ. இருந்தால் கலவை நடுவுக்குப் பிதுங்கி நன்றாகக் கலந்து எரியும். அதை 1.6 ஆக்கினால் ஓரத்தில் கலவை தேங்கி, குறைந்த கம்ப்ரெஷனிலும் நாக்கிங் வரும். குறைக்க வேண்டியது பிஸ்டன் குழிவில்.

பதில் (பூஸ்ட்பிரியன்):

சரி, ரிங் கேப்தான் காரணம் என்றால் 4032-க்குத் தலையாட்டுகிறேன். ஆனால் வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் மீட்டர்) இல்லாமல், டியூனர் நாக்கிங்கைக் காதால் கேட்காமல் பூஸ்ட் ஏற்றினால் 4032 மன்னிக்காது. அந்தப் பணத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள்.

கேட்டவர் (மூணாம்சிலிண்டர்):

4032, 8.5, ஹைட் 35, ஆர்டர் கொடுத்துவிட்டேன். பிளாக் பிஸ்டன் வந்த பிறகுதான் கடைக்குப் போகும். கட்டும்போது பார்க்க வேண்டியது வேறு ஏதாவது உண்டா?

பதில் (பழையலேத்):

கேம் கம்பெனியுடையதாக இருந்தாலும் வால்வு இடைவெளியைப் பாருங்கள். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். களிமண்ணை வெட்டி அளந்தால் இன்டேக் பக்கம் குறைந்தது 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அதனால் பெல்ட்டும் டென்ஷனரும் புதுசு.

பிளாக்கில் பிஸ்டன் அடியில் ஆயில் பீச்சும் ஜெட்டுகள் இருக்கின்றன. ஃபோர்ஜ்டு பிஸ்டனின் ஸ்கர்ட் அவற்றில் உரசுகிறதா என்று ஒவ்வொரு சிலிண்டராக, பிஸ்டன் கடைசிக்கு இறங்கும் நிலையில் பாருங்கள். உரசினால் ஜெட்டைக் கொஞ்சம் வளைக்கலாம், கழற்றிப் போட்டுவிடாதீர்கள். நான்கு பிஸ்டனையும் பின்னோடு சேர்த்து எடை போட்டு, கிராங்கோடு பேலன்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள். பின் கிளிப்பை ஒருமுறை மாட்டிக் கழற்றினால் அது குப்பைக்கு, உதிரியாக ஒரு செட் சேர்த்தே வாங்குங்கள்.