விமானத்தின் வெள்ளைக்கோடு தங்குமா: பலூன் தரவில் எந்த எண்ணைப் பார்க்கணும்?

நாகமலை:
மதுரைக்கு மேலே போகும் விமானங்களின் வெள்ளைக்கோடு எந்த உயரத்தில் கலையாமல் நிற்கும் என்று முன்கூட்டிக் கணிக்கப் பார்க்கிறேன். காரைக்கால் வானிலை பலூனின் காலை 5.30 தரவில், காற்றழுத்தம் 200 மில்லிபார் இருக்கும் உயரத்தில் மைனஸ் 53 டிகிரி, ஈரப்பதம் 65%. ஈரம் நிறைவதற்கான 100-க்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் கோடு விரிந்து மேகமாகவே நிற்கிறது. எங்கே பிசகு?

திருமங்கலம்:
தரவு சரிதாண்ணே. பலூன் சொல்வது தண்ணீரை அடிப்படையாக வைத்த ஈரப்பதம். கோடு பனித்துகள், அதனால் பனியை அடிப்படையாக வைத்துப் பார்க்கணும். மைனஸ் 40-ல் 68%, மைனஸ் 50-ல் 62% வந்தாலே பனிக்கு 100% நிறைந்தாச்சு. உங்க 65% ஏறக்குறைய 108% ஆகிறது, கோடு நிற்கத்தான் செய்யும். ஐரோப்பிய வானிலை மாடலின் எண்ணை மட்டும் மாற்றாதீங்க. மைனஸ் 23-க்குக் கீழே அது ஏற்கெனவே பனிக்கணக்கு.

வைகைக்கரை:
இன்னொன்று, பலூன் சென்சார் அந்தக் குளிரில் மந்தமாகிவிடும். ஈர அடுக்கு சில நூறு மீட்டர் தடிமன்தான், பலூன் சட்டென்று கடந்துவிடுவதால் உச்ச அளவு மழுங்கிப் பதிவாகும். 58% வந்தாலும் சந்தேகப்படுங்க. காரைக்கால், திருவனந்தபுரம் இரண்டுமே மதுரையிலிருந்து சுமார் 200 கி.மீ. என்பதால் இரண்டையும் சேர்த்துப் பாருங்க.

ஆனால் நம்ம ஊருக்கு ஈரப்பதத்தைவிட வெப்பநிலைதான் நல்ல பிடி. பனி நிறைந்த காற்றில் கோடு உருவாக, 250 மில்லிபாரில் (34,000 அடி) சுமார் மைனஸ் 48 அல்லது அதற்கும் கீழே வேண்டும். இங்கே அந்த உயரத்தில் மைனஸ் 42 பக்கம்தான். 200-ல் (38,600 அடி) மைனஸ் 50 போதும், அது இருக்கிறது. ஆக கோடு உருவாகத் தொடங்கும் எல்லை நடுவில் எங்கோ விழுகிறது. வெப்பநிலையை மாடல்கள் ஈரப்பதத்தைவிட நன்றாகவே கணிக்கும்.

திருமங்கலம்:
அதனால்தான், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கோட்டை விமானம் விடாமல் தவிர்க்க இங்கே வழி கீழே இறங்குவது. ஒரே திசையில் போகிறவர்களுக்கு அடுத்த மட்டம் 2,000 அடி தள்ளி இருக்கும். கீழே காற்று அடர்த்தி, எரிபொருள் கூடும். 2023-ல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 விமானப் பயணங்களில் சோதித்தபோது கோடு 54% குறைந்தது, அந்தப் பயணங்களில் எரிபொருள் 2% கூடியது. எல்லா விமானத்தையும் இறக்கத் தேவையில்லை. பகலில் கோடு வெயிலையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும், இரவில் வெப்பத்தைப் பிடித்துவைக்க மட்டும்தான் செய்யும். இரவு விமானங்களை முதலில் கணக்கில் எடுங்க.

வைகைக்கரை:
சரிபார்க்க இன்சாட் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பாதீங்க. வெப்பப்படத்தில் ஒரு புள்ளி 4 கி.மீ., புதுக்கோடு அதில் தெரியாது. தரையிலிருந்து நேரத்தோடு படம் எடுத்து, விமானத் தடச் செயலியில் அதே விமானத்தின் உயரத்தைக் குறிச்சுவைங்க. கோடு விடாத விமானத்தையும் கட்டாயம் எழுதணும், எல்லை எந்த உயரத்தில் என்று அதுதான் காட்டும்.