நூலகத்தில் சிறுவர்களுடன் ஷார்ட்பிரெட்: பிஸ்கட் பரவி ஓரம் கருகுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி
எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பிரிவில், ஒரு நாட்டின் கதையை வாசித்துவிட்டு அந்த நாட்டின் எளிய இனிப்பு ஒன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் நிகழ்ச்சியைச் சனிக்கிழமை மாலைகளில் நடத்துகிறோம். வருகிறவர்கள் நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகள். எங்களிடம் ஒரு சிறிய ஓடிஜியும் (மேசை மேல் வைக்கும் மின்சார பேக்கிங் அடுப்பு) குளிர்பதனப் பெட்டியும் உள்ளன. அறையில் ஏசி கிடையாது. சர்க்கரை, வெண்ணெய், மைதா ஆகிய மூன்றே பொருள்கள் போதும் என்பதால் ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் பிள்ளைகள் நட்சத்திரமாகவும் மீனாகவும் வெட்டி வைப்பவை 180 டிகிரியில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஓரம் கருகிய பிறகும் நடுப்பகுதி வெளிறியே இருக்கிறது. "என் மீன் எங்கே?" என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்டத் தட்டில் ஒன்றும் இருப்பதில்லை. மைதாவைக் கூட்டினாலோ கல் போல் ஆகிவிடுகிறது.

பதில் (வீட்டில் கேக் செய்து விற்பவர்)
வணக்கம். குறை உங்கள் அளவில் இல்லை, வெப்பத்தில்தான் இருக்கிறது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும்; நம் ஊர் அறையில், பல பிள்ளைகளின் கை மாறும் மாவு அடுப்புக்குள் போகும் முன்பே இளகியிருக்கும். ஆகவே அச்சில் வெட்டுவதையே விட்டுவிடுங்கள். 50 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 120 கிராம் மைதா, 30 கிராம் அரிசி மாவு ஆகியவற்றைப் பிசைந்து, 18 செ.மீ. வட்டத் தட்டில் பிள்ளைகளையே விரலால் அழுத்திப் பரப்பச் சொல்லுங்கள். அரிசி மாவு சேர்ப்பது ஸ்காட்லாந்திலும் உள்ள வழக்கம்தான்; அது மொறுமொறுப்பைத் தரும். கடையில் விற்கும் காய்ந்த மாவாக இருக்க வேண்டும், ஈர மாவு ஆகாது. முள்கரண்டியால் குத்தி, எட்டுத் துண்டுகளாகக் கோடு போட்டு, அரை மணி நேரம் குளிரவைத்து, முன்கூட்டியே சூடாக்கிய ஓடிஜியின் நடு அடுக்கில் 150 டிகிரியில் 35 நிமிடம் வையுங்கள். ஓடிஜியின் குமிழ் காட்டும் வெப்பத்தை நம்பாமல், உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. சூடு ஆறுவதற்குள் கோட்டின் மேலேயே பெரியவர் ஒருவர் வெட்டிவிட வேண்டும், ஆறினால் நொறுங்கும்.

கேட்டவர்
மிக்க நன்றி. பிள்ளைகள் மாவை நக்கிவிடுகிறார்கள். முட்டை சேர்க்காததால் பரவாயில்லையா? மேலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்களைக் காத்திருக்க வைப்பது கடினம்.

பதில் (தொடக்கப்பள்ளி ஆசிரியை)
முட்டை இல்லாவிட்டாலும் பச்சை மைதாவில் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் நக்க விடக் கூடாது. பால், கோதுமை ஒவ்வாமை உள்ளதா என்று பெற்றோரிடம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு விசாரிப்பதில் பயனில்லை. நேரம் போதாத வாரங்களில் பிரேசிலின் பிரிகதெய்ரோ என்ற சாக்லேட் உருண்டை செய்யலாம். கன்டென்ஸ்டு மில்க் ஒரு டின், மூன்று மேசைக்கரண்டி கோக்கோ, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் ஆகியவற்றைப் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருளும் வரை வீட்டிலேயே கிளறி ஆறவைத்து எடுத்துச் சென்றால், உருட்டுவதும் சாக்லேட் துருவலில் புரட்டுவதும் பிள்ளைகளின் வேலை. 1945-ஆம் ஆண்டு பிரேசில் அதிபர் தேர்தலில் நின்ற பிரிகேடியர் எதுவார்தோ கோமிஸின் பதவிப் பெயரே இந்த இனிப்புக்கு வந்தது. தேர்தலில் அவர் தோற்றார் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் மேலும் கேட்பார்கள். உள்ளங்கையில் வெண்ணெய் தடவிவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் உருண்டையில் பாதி கையிலேயே ஒட்டிக்கொள்ளும்.