பியோனி மாநாட்டுக்குப் போகிறேன்: பூக்கடைக்காரன் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

தோவாளை கமிஷன் கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தோவாளைச் சந்தையில் எங்கள் குடும்பத்துக்கு அப்பா காலத்திலிருந்து கமிஷன் கடை. பிச்சியும் கேந்தியும் அரளியும் எடை போட்டே எனக்கு வயதாகிவிட்டது. இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். மகள் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறாள். வரும் ஜூனில் நானும் மனைவியும் அங்கே போகிறோம்.

மகள் என்னைக் கேட்காமலேயே ஒரு காரியம் செய்துவிட்டாள். பியோனி என்ற ஒரே ஒரு பூவுக்காக நடக்கும் மாநாட்டுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் என் பெயரைப் பதிந்துவிட்டாள். சொற்பொழிவு, தோட்டம் பார்க்கப் பஸ், கிழங்கு ஏலம், இரவு விருந்து என்று நிகழ்ச்சி நிரல் நீண்டுகொண்டே போகிறது. கட்டணத்தை ரூபாயில் கணக்குப் போட்டேன். ஓணத்துக்கு முந்தின நாள் பிச்சி விலை கேட்டவன் போல ஆகிவிட்டேன்.

ஒரு பூவை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் என்னதான் பேசுவார்கள்? மணம் உண்டா? தொடுக்க வருமா? நம் ஊருக்கு ஒரு கிழங்கு கொண்டுவந்து வைத்தால் பிழைக்குமா? மூணாறில் மச்சினன் இருக்கிறான், குளிர் வேண்டுமென்றால் அங்கே கொடுத்துவிடலாம். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அச்சன்கோவில் சாலை எழுதியது:

கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றித் துணிகளுக்கு நடுவே பெட்டியில் போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்? மலையில் எதை வைத்தாலும் வரும். எங்கள் சித்தப்பா கொடைக்கானலில் என்னென்னவோ வைத்திருக்கிறார்.

செங்கோட்டை ஆசிரியை எழுதியது:

அண்ணாச்சி, மேலே உள்ள பெட்டி யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். செடியோ வேரோ கிழங்கோ எதுவானாலும், 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் புறப்படும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றும் வேண்டும். இரண்டும் இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள், அதுதான் நியாயமும். ஒரு கிழங்கோடு எந்தப் பூஞ்சை வரும், எந்த நூற்புழு வரும் என்று யாருக்குத் தெரியும்? பூவை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தப்பி வந்தாலும் தோவாளையில் அது பூக்காது. பியோனிக் கிழங்கின் கண்கள் குளிர்காலத்தில் பல வாரங்கள் 4, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கிடந்தால்தான் வசந்தத்தில் பூ வைக்கும். மிச்சிகனில் அது பனிக்கு அடியில் மாதக்கணக்கில் உறங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலையைச் சுற்றுமே தவிர, கிழங்கை உறங்க வைக்காது.

இனி மாநாட்டுக்கு வருகிறேன். நான் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மகன் அங்கே வேலையில் இருந்தபோது அமெரிக்கப் பியோனி சங்கத்தின் மாநாட்டுக்குப் போனேன். இந்தச் சங்கம் 1903-இல் தொடங்கியது. தொடங்கிய காரணம் உங்களுக்கு உடனே பிடிபடும். அந்தக் காலத்தில் ஒரே செடியை ஆளுக்கொரு பெயரில் விற்றார்கள். வெவ்வேறு செடிகளை ஒரே பெயரிலும் விற்றார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிலம் ஒதுக்கி, விற்பவர்களிடம் கிழங்கு வாங்கி நட்டு, பூத்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றார்கள். இன்று உலகில் யார் புது ரகம் உண்டாக்கினாலும் அதன் பெயரைப் பதிவது இந்தச் சங்கத்தில்தான். கண்காட்சி மேசையிலும் அதே கண்டிப்பு. எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் பெயர்ச்சீட்டு தவறாக இருந்தால் மதிப்பு இல்லை.

கட்டணத்துக்கு ஈடாக ஒரே ஒரு வேளை போதும் என்பேன்: கண்காட்சிக்கு முந்தின இரவு. பூக்களைத் தயார் செய்யும் அறை ஒன்று இருக்கும். "உதவிக்கு ஆள் வேண்டுமா?" என்று போய் நின்றால் வாளி தூக்கவாவது சேர்த்துக்கொள்வார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பூ வளர்ப்பவர்கள் நெடுந்தூரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். டிக்கியைத் திறந்தால் அடுக்கடுக்காக ஐஸ்பெட்டிகள். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய கட்டுகள். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது! மொட்டை எந்தப் பதத்தில் வெட்டுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. விரலால் அழுத்தும்போது கல்லாக இருந்தால் வெட்டக்கூடாது, அது கடைசிவரை விரியாது. நிறம் வெளியே தெரிந்து, அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அந்தப் பதத்தில் வெட்டி, இலைகளை உருவி, உலர்வாகவே காகிதத்தில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உறைநிலைக்குச் சற்று மேலே படுக்க வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிறகு காம்பின் நுனியை நறுக்கி வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் கண் விழிக்கும். நீங்கள் பிச்சியை மொட்டாகவே பறிக்கச் சொல்லி வெளியூருக்கு ஐஸ் வைத்து அனுப்புகிறீர்களே, அதே சங்கதிதான். ஆனால் பிச்சிக்கு உங்கள் கணக்கு மணியில், அவர்களுக்கு வாரத்தில். முதலில் பூத்து ஓய்ந்த ரகமும் அன்று காலையில் வெட்டிய ரகமும் ஒரே மேசையில் நிற்பது இதனால்தான்.

அந்த அறையில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே ரகத்தில் ஒரு வாளி நிறையப் பூக்கள், அதிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒன்றை எடுத்துப் புட்டியில் நிறுத்தினார். வெள்ளை இதழில் மஞ்சள் மகரந்தம் கொஞ்சம் சிந்தியிருந்தது. குழந்தைகள் வண்ணம் தீட்டும் தூரிகையை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் துடைத்தார். துடைத்து முடித்து நிமிரும்போது சட்டைக் கை பட்டு ஓர் இதழ் விழுந்தது. வாய்விட்டு ஒரு சொல் வரவில்லை. அந்தப் பூவை ஓரமாக வைத்துவிட்டு வாளியில் அடுத்ததைத் தேடத் தொடங்கினார். மணி அப்போது நள்ளிரவைத் தாண்டியிருந்தது. நம் சந்தை விழிக்கும் நேரம்.

மறுநாள் நடுவர்கள் பார்ப்பது பூவின் அமைப்பு, நிறம், இதழின் உறுதி, காம்பு எல்லாம் சேர்த்து. ஓரடுக்கு இதழ் ஒரு வகை, நடுவில் பந்து போலத் திரண்டது ஒரு வகை, முழு அடுக்கு ஒரு வகை என்று வகை பிரித்துப் போட்டி வைப்பார்கள். கடைசியில் எல்லாவற்றிலும் சிறந்த ஒன்றுக்குப் பெரும் பரிசு. இந்தப் பரிசைவிட ஓரத்தில் இருக்கும் நாற்று மேசையைப் பாருங்கள். இன்னும் பெயர் வைக்காத புதுக் கலப்புகள் அங்கேதான் இருக்கும். அதன் முன்னே நிற்பவர்கள் பேசுவதுதான் அசல் மாநாடு.

மஞ்சள் பூக்களுக்கு முன்னே கூட்டம் கூடும். அதற்கு ஒரு கதை உண்டு. ஆண்டுதோறும் தரையோடு மடியும் செடிப் பியோனியையும், கட்டையாக நிற்கும் மரப் பியோனியையும் கலக்க முடியாது என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஜப்பானில் தோயிச்சி இத்தோ என்பவர் 1948-இல் அதைச் சாதித்தார். ஆனால் நாற்றுகள் பூக்கும் முன்பே, 1956-இல், அவர் இறந்துவிட்டார். அவற்றில் நான்கு மஞ்சள் ரகங்கள் அமெரிக்காவுக்கு வந்து 1974-இல் பதிவாயின. இன்றும் அந்த வகைக்கு இத்தோ என்றே பெயர். பிற்காலத்து ரகமான பார்ட்செல்லாவைப் பார்த்தால் மனைவியை அழைத்துக் காட்டுங்கள். எலுமிச்சை நிறத்தில் கையகலப் பூ.

மணம் கேட்டீர்கள். பிச்சிக்குப் பழகிய மூக்குக்கு ஏமாற்றம்தான். சிலவற்றில் ரோஜா வாசம், சிலவற்றில் எலுமிச்சைச் சாயல், சிவப்புகள் பலவற்றில் ஒன்றுமே இல்லை. 1851-இல் வந்த ஃபெஸ்டிவா மாக்சிமா என்ற பழைய வெள்ளை ரகத்தை முகர்ந்து பாருங்கள். அது உங்களைக் கைவிடாது.

விருந்தைத் தவிர்க்கலாம். உப்பும் காரமும் இல்லாத கோழி.

குடியாத்தம் முன்னாள் படைவீரர் எழுதியது:

ஐயா, பியோனி பார்க்க அமெரிக்காதான் போக வேண்டும் என்பதில்லை. இமயமலையில் நம் நாட்டுப் பியோனியே இருக்கிறது, பியோனியா எமோடி என்பது அதன் பெயர். காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்டில் மரநிழலில் தானாக வளரும். பணியில் இருந்தபோது மே மாதத்தில் பார்த்திருக்கிறேன். ஓரடுக்கு வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. அங்கே உள்ள கிராமத்துப் பெண்கள் அதன் இளந்தளிரைப் பறித்துக் கீரையாகச் சமைக்கிறார்கள். எங்களுக்கும் ஒருநாள் கொடுத்தார்கள், சாப்பிட்டோம். அது என்ன செடி என்று ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூணாறு லயத்துக்காரன் எழுதியது:

மச்சினனிடம் கொடுக்கலாம் என்றீர்களே அண்ணாச்சி, மூணாறில் ஜனவரியில் சில இரவுகள் உறைபனி விழும், தேயிலை கருகும், அதெல்லாம் உண்மை. ஆனால் காலை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆசிரியை அக்கா சொல்கிற மாதிரி வாரக்கணக்கில் இறங்காத குளிர் இங்கே கிடையாது. இலை வந்தாலும் வரும், பூவை எதிர்பார்க்காதீர்கள். மச்சினனையும் ஏச வேண்டாம்.

தோவாளை கமிஷன் கடை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கிழங்கு ஆசையை விட்டுவிட்டேன். அக்கா, அந்த ஏலத்தைப் பற்றிச் சொல்லவில்லையே? ஏலம் என்றால் எனக்குக் கை பரபரக்கும். இன்னொன்று, அங்கே உள்ளவர்களுக்குக் காட்ட நம் ஊர்ப் பிச்சிச் சரமும் ஒரு மாணிக்க மாலையும் கொண்டுபோகலாமா?

செங்கோட்டை ஆசிரியை எழுதியது:

ஏலத்தில் கிழங்கு கையில் கிடைக்காது. ஜூனில் பணம் கட்டினால், இலையுதிர்காலத்தில் தோண்டி அஞ்சலில் அனுப்புவார்கள். வளர்ப்பவர்கள் கொடையாகக் கொடுத்த கிழங்குகள், பணம் சங்கத்துக்குப் போகும். அதனால் விலை சந்தை விலையைப் பார்க்காது, மனம்போல ஏறும். மகள் வீட்டு முற்றத்தில் வைக்க ஒன்று எடுக்கலாம். நடும்போது கண்கள் மண்ணுக்குள் 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்; ஆழம் கூடினால் இலை மட்டும்தான். சரியாக வைத்தால் பேரன் பேத்தி காலத்திலும் பூக்கும். மொட்டில் தேன் கசிந்து எறும்பு மொய்க்கும், பயந்து மருந்து அடிக்க வேண்டாம். எறும்பு வந்துதான் மொட்டைத் திறக்கும் என்று அங்கே சிலர் சொல்வார்கள். அது கதை.

வியாபாரிக்கு ஒரு செய்தி. நெதர்லாந்தின் பியோனி மே, ஜூனில் சந்தையை நிரப்பிவிடும். அலாஸ்காவில் ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை பூக்கும். மற்ற இடத்தில் பூ இல்லாத நேரம் அது. அதை வைத்தே அங்கே பண்ணைகள் பெருகின. மாநாட்டில் அலாஸ்காக்காரர் யாராவது இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள், உங்களுக்கும் அவருக்கும் பேச நிறைய இருக்கும்.

முடிந்தால் பயணத்தைக் கொஞ்சம் முன்கூட்டி, மே கடைசியிலேயே போய்ச் சேருங்கள். ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிக்கல்ஸ் மரப்பூங்காவுக்குள் 1927 முதல் பியோனித் தோட்டம் திறந்திருக்கிறது, பழைய ரகங்கள் பாத்தி பாத்தியாக நிற்கும். ஜூன் நடுவோடு உதிர்ந்துவிடும்.

பூச்சரம் வேண்டாம் அண்ணாச்சி. கொண்டுபோனால் இறங்கியதும் அதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும், விடுவதும் பறிப்பதும் அவர் கையில். சொல்லாமல் போனால் அபராதம். மாலை கட்டுகிற படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள்; நூல்கண்டும் கோக்கிற ஊசியும் சரக்குப் பெட்டியில் போகட்டும். கண்காட்சி முடிந்த மாலை, போட்டியில் நின்ற பூக்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். காம்பு தடிமன், ஆதலால் முடிச்சுப் போட்டுக் கட்ட வராது. இதழ் இதழாகப் பிரித்து ஊசியில் கோத்துப் பாருங்கள். தயார் செய்யும் அறையில் நீங்கள் நின்றால், வாளி தூக்குவதைவிட அந்த வேலைக்குத்தான் உங்களைச் சுற்றிக் கூட்டம் கூடும்.