டென்மார்க் ராணியின் மழைக்கோட்டு

தையல்காரி, அட்டன்:
மூன்று நாளாக விடாத மழை, கடைக்கு ஆளே இல்லை. சும்மா போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது டென்மார்க்கின் மார்கரெத்தே ராணி பூப்போட்ட மழைக்கோட்டில் நிற்கும் படம் வந்தது. பார்த்தால் எங்கள் வீட்டு மேசை விரிப்பு! என் கண்தான் கோளாறா?

வாத்தியார், பண்டாரவளை:
கண் சரிதான் அக்கா. அது மேசைக்கு விரிக்கும் மெழுகுத் துணியேதான். ராணி 1940இல் பிறந்தவர். பெண்ணும் அரியணை ஏறலாம் என்று 1953இல் சட்டம் மாறாவிட்டால், பட்டம் சித்தப்பாவுக்குப் போயிருக்கும். 1972இல் ராணியாகி, 52 வருடம் கழித்து 2024 ஜனவரி 14 அன்று மகனுக்கு விட்டுக்கொடுத்தார். கேம்பிரிட்ஜில் தொல்லியல் படித்தவர். கணவரோடு சேர்ந்து ஒரு பிரெஞ்சு நாவலைப் புனைபெயரில் மொழிபெயர்த்தார்.

நானுஓயா தம்பி:
அக்கா கேட்டது துணியை, சேர் பரீட்சைக்கே விடை எழுதிவிட்டார். ராணி பூவேலை செய்வார் அக்கா, படமும் வரைவார். பிஷப்மாரின் அங்கிகளுக்கும் பாலே நடனக்காரர்களின் உடைகளுக்கும் அவரே வடிவம் வரைந்திருக்கிறார்.

தையல்காரி, அட்டன்:
சரி தம்பி, இப்போது என் சந்தேகம். அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகையில் இடுப்பில் கட்டும் படங்குக்குள் பழைய மேசை விரிப்பொன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். துணி தாங்கியது, ஊசி போன ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியது. மெழுகுதிரி தேய்த்தும் பார்த்தேன், ஒரு வாரம் நிற்கவில்லை. தையலுக்கு மேல் என்ன பூசினால் நிற்கும்?