செல்லா ரோண்டா: ஒரே நாளில் சுற்றி வர முடியுமா?

கேள்வி:
இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில், செல்வா என்ற ஊரில் தங்குகிறோம். செல்லா மலையைச் சுற்றிவரும் பனிச்சறுக்குப் பாதையான செல்லா ரோண்டாவை ஒரே நாளில் முடிக்க ஆசை. நீலச் சரிவு (எளிய தரம்) எங்களுக்குச் சுலபம், சிவப்பு (நடுத்தரம்) ஓரளவு வரும். எந்தத் திசையில், எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

பதில் 1:
முடியும். மொத்தம் ஏறத்தாழ 40 கி.மீ. அதில் சறுக்குவது 26தான், மீதி லிஃப்ட். ஆரஞ்சுப் பலகை வலச்சுற்று, பச்சை இடச்சுற்று. செல்வாவிலிருந்து வலமாகப் போனால் டான்டர்சேப்பியெஸ் கேபிள் காரில் ஏறி கொர்வாரா, அரப்பா, போர்டோய், பெல்வெடேரே, செல்லா கணவாய் வழியாகத் திரும்பலாம். வரிசையும் சாப்பாடும் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். 9 மணிக்கே லிஃப்டில் இருங்கள். 10க்கு மேல் கிளம்புவது வீண் பதற்றம். கடைசிக் கணவாயை மாலை 3.30க்குள் தாண்டிவிட வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டால் மலையைச் சுற்றி டாக்ஸிதான், பர்ஸ் காலி.

பதில் 2:
லிஃப்ட் பாஸ் (சீட்டு) விஷயத்தைக் கவனியுங்கள். செல்வா இருக்கும் வால் கார்டேனா பள்ளத்தாக்கின் பாஸ் மட்டும் போதாது, டோலமைட்ஸின் பல பகுதிகளுக்கும் செல்லும் டோலமிட்டி சூப்பர்ஸ்கி பாஸ் வேண்டும். அரப்பாவில் நெரிசல் அதிகம். மதிய உணவை அங்கே வைக்காமல், தாண்டியபின் சாப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வழியில் டோலமைட்ஸின் மிக உயரமான மலையான மார்மொலாடாவையும் சேர்க்கலாமா?

பதில் 1:
அதே நாளில் வேண்டாம். அரப்பாவுக்கு மேலே உள்ள போர்த்தா வெஸ்கோவோவிலிருந்து மல்கா சியாபேலா இறங்கி, கேபிள் காரில் 3,265 மீட்டர் புந்தா ரோக்கா ஏறி வருவதற்குள் பாதி நாள் போய்விடும். அதற்குத் தனி நாள் வையுங்கள். பலத்த காற்றில் உயரமான லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். காலையில் நிலவரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.